பழைய செடானின் நடுக்கூரைக்கு எதைப் போடுவது?

மாடல் ஏ ஃபோர்டு செடான் ஒன்றை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும், கூரையின் நடுவில் பெரிய செவ்வகமாக ஒரு இடம் தகடே இல்லாமல் இருக்கும். சுற்றிலும் இரும்பு, நடுவில் மரச்சட்டமும் துணியும். நம் கைக்கு வந்து சேரும் வண்டிகளில் அந்தத் துணி எப்போதோ போயிருக்கும். யாராவது தார்ப்பாயை ஆணியடித்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, ரிவிட் போட்டு மேலே தார் பூசியிருப்பார்கள். அதை ஹாட் ராடாக, அதாவது பெரிய இன்ஜின் ஏற்றி உருமாற்றிய வேகவண்டியாக, மாற்ற ஆசைப்படுகிறவர் இன்ஜின், சக்கரம், பெயிண்ட் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் கூரைக்கு வருவார். அதற்குள் புது சீட்டும் வயரிங்கும் உள்ளே போயிருக்கும். பெங்களூர் கோடை மழை ஒன்று போதும், அத்தனையும் நனைய.

நான் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முருகேஷ்பாளையாவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். பழைய கார்களின் கூரை, மட்கார்டு, கதவுத்தகடு இவைதான் என் வேலை. இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆகவே இங்கே கூரையைப் பற்றி மட்டும்.

அந்த ஓட்டை ஏன் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1920களில் முழுக்கூரைக்குப் போதுமான அகலத்தில் நல்ல தகடு உருட்டுவதும், அதை ஒரே அச்சில் அழுத்தி எடுப்பதும் கார் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நடுவை விட்டுவிட்டு மர வில்கள், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற மாதிரிக் கம்பிவலை, பஞ்சு, அதன்மேல் ரப்பர் பூசிய துணி என்று மூடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1935 மாடல்களில் 'டரட் டாப்' என்று பெயர் வைத்து முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு செடானுக்கு அது 1937இல் வந்தது. அந்தக் கம்பிவலையை ரேடியோ ஏரியலாகவும் சிலர் பயன்படுத்தினார்கள். இரும்புக் கூரை வந்ததும் ஏரியலைப் படிப்பலகைக்கு அடியில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாயிற்று. உங்கள் வண்டி 1937க்கு முந்தைய ஃபோர்டு என்றால் இந்த ஓட்டை அதன் பிறவிக் குணம். ஏதோ விபத்தில் வெட்டியது என்று நினைத்து உடனே மூடிவிட வேண்டாம்.

என்ன போடுவது என்று யோசிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை. ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேறு இன்ஜின் ஏற்றிக் கூரையைத் தாழ்த்திய ஹாட் ராடுக்கு விண்டேஜ் எண்ணும் வேண்டும் என்றால் நடக்காது. இரண்டில் ஒன்று. எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் பாடியில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். கழற்றக்கூடியதாகச் செய்துகொள்ளுங்கள். நாளைக்கு மனசு மாறினாலும், வண்டியை விற்றாலும், பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பையன் டூடர் செடானோடு, அதாவது இரண்டு கதவு செடானோடு, வந்தான். வந்ததும், "அண்ணே, எத்தனை கேஜ் தகடு போடலாம்?" என்றான். "அதை அப்புறம் பாக்கலாம் தம்பி, முதல்ல அந்தத் தார்ப்பாயைப் பிரி, விளிம்பைப் பாக்கணும்" என்றேன். எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். நடுவில் எதைப் போட்டாலும் அது உட்காரப்போவது சுற்றியுள்ள விளிம்பில்தான். விளிம்பு எப்படி இருக்கிறதோ அதுதான் பாதி முடிவை எடுக்கும்.

பழைய மூடியைப் பிரித்ததும் விளிம்பில் ஒட்டியிருக்கும் தாரையும் பஞ்சையும் சுரண்டுங்கள். ஒரு சின்னச் சுத்தியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். முன் கண்ணாடிக்கு மேலேயும் பின்பக்க மூலைகளிலும்தான் பெரும்பாலும் போயிருக்கும், நீர் தேங்குவது அங்கேதான். அப்புறம் அடியில் உள்ள மரம். ஆணி எடுத்த ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். மாவாக உள்ளே இறங்கினால் மரத்தை மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது. ஃபோர்டில் கூரையைச் சுற்றிக் கொஞ்சம் மரம்தான். அந்தக் காலத்து செவர்லே என்றால் ஃபிஷர் கம்பெனி கட்டிய பாடி, அதில் எலும்புக்கூடே மரம். அந்த வண்டியில் வெல்டிங் டார்ச்சைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே ஆபத்து. உள்ளே மரம் கனல்வது வெளியே தெரியாது, வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் புகையும்.

அளவு எடுக்கும்போது நீள அகலத்தோடு நிறுத்தாதீர்கள். திறப்பின் இரண்டு குறுக்கு மூலைகளையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் வந்தால் பாடி முறுக்கியிருக்கிறது. வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், பாடி போல்ட்டுகள் முறுக்கியிருக்க வேண்டும், கதவுகள் மாட்டி மூடியிருக்க வேண்டும். அந்த நிலையில்தான் அளவு. ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்து வெல்டிங் செய்துவிட்டால், இறக்கிய பிறகு கதவு மூடாது. அந்தக் கோணலையும் சேர்த்துத்தான் இரும்புக் கூரை பூட்டிவிட்டிருக்கும். கூரையைத் தாழ்த்தப்போகிறீர்கள் என்றால் அந்த வேலை முடிந்த பிறகுதான் நடுக்கூரை. தூண்கள் சாய்ந்திருப்பதால் வெட்டித் தாழ்த்தும்போது கூரையை நீளவாக்கில் நீட்ட வேண்டி வரும், முன்பு எடுத்த அளவு எதற்கும் ஆகாது.

வளைவையும் எடுக்க வேண்டும். ஒரு 3 மி.மீ. ப்ளைவுட் பட்டையை இடதிலிருந்து வலமாகக் கூரையின் இரும்புப் பகுதியில் வைத்து, அந்த வளைவு நடுவில் எப்படித் தொடரும் என்று வரைந்து வெட்டுங்கள். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் இப்படி டெம்ப்ளேட் எடுத்தால் போதும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிகிற கூரை உண்மையில் தட்டை கிடையாது. அந்தச் சின்ன வளைவு இல்லாமல் தகடு போட்டால் மழைநீர் தேங்கும், வண்டி ஓடும்போது கூரை பறை மாதிரி அதிரும்.

இனி எதைப் போடுவது என்று பார்க்கலாம்.

அசல் மாதிரித் துணிக்கூரை போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடை குறைவு, பஞ்சு இருப்பதால் உள்ளே சூடும் குறைவு. காரின் வயசுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். விண்டேஜ் எண்ணுக்குப் போகிறவர்கள் இதைத்தான் போட வேண்டும். ஆனால் துணி வாங்குவதில் கவனம். ஜே.சி. ரோட்டில் ரெக்சின் கடைகளில் "கார் ரெக்சின்" என்று கேட்டால் சீட்டுக்குப் போடுவதைத்தான் எடுத்துத் தருவார்கள். அது உள்ளே இருக்க வேண்டிய சரக்கு, வெயிலில் வெடித்துவிடும். ஜீப் ஹூட்டுக்குப் போடுகிற வகையைக் கேளுங்கள். கையில் வாங்கியதும் திருப்பி அடித்துணியைப் பாருங்கள். பனியன் துணி மாதிரிப் பின்னியதாக இருந்தால் இழுத்தால் நீளும், கொஞ்ச நாளில் தொய்ந்து நடுவில் குளம் கட்டும். பாவும் ஊடுமாக நெய்த டிரில் துணி பின்னால் இருக்க வேண்டும். ஒரு துண்டு வாங்கி, பாதியை அட்டையால் மூடி மாடியில் சில வாரம் போட்டு வையுங்கள். மூடாத பாதி வெளுக்கிறதா, மடித்தால் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம். அகலம் பொதுவாக 54 அங்குலம் வரும். இரண்டு பக்கமும் மடிக்க மூன்று மூன்று அங்குலம் போக உங்கள் திறப்பு அதற்குள் அடங்குகிறதா என்று கணக்குப் பாருங்கள். நடுவில் தையல் போட்டு ஒட்டுவது தண்ணீருக்கு வழி வெட்டிக் கொடுப்பதுதான். இழுத்து அடிப்பதை வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள், துணி இளகி நன்றாக அமரும். துணிக்கூரையின் பலவீனம் இரண்டு: ஆலங்கட்டி மழையும் மரக்கிளையும். தெருவில் மரத்தடியில்தான் வண்டி நிற்கும் என்றால் இதை யோசித்துப் போடுங்கள்.

ஹாட் ராடு ஆட்கள் பெரும்பாலும் கேட்பது வெல்டிங் செய்த இரும்புக் கூரை. அமெரிக்காவில் இதற்கென்றே அழுத்தி எடுத்த தகடுகள் விற்கிறார்கள். பழைய ஸ்டேஷன் வேகனின் கூரையை வெட்டி வந்து பொருத்துவதும் அங்கே நெடுநாள் வழக்கம், அதில் வளைவும் நீளவாக்கில் வரிகளும் ஏற்கெனவே இருக்கும். இங்கேயும் சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பழைய வேன் கூரை கிடைத்தால் அந்த வழியில் போகலாம். ஆனால் வளைவு உங்கள் டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போக வேண்டும். டெம்ப்ளேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

புதுத் தகடு என்றால் சி.ஆர்.சி.ஏ. (சூடாக்காமல் உருட்டிப் பதப்படுத்திய இரும்புத் தகடு), 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. 18 கேஜ் 1.2 மி.மீ. வரும், வெல்டிங்குக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வளைவு கொண்டுவருவது கஷ்டம், எடையும் கூடும். கடையில் கேஜ் என்று சொல்வதை நம்பாமல் வெர்னியர் வைத்துப் பாருங்கள், 20 என்று கொடுப்பது 0.8 ஆக இருக்கும். ஜி.ஐ. தகடு வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டிங்கும் ஒழுங்காகப் பிடிக்காது.

இங்கேதான் வேலை கெடும். பெரிய, கிட்டத்தட்டத் தட்டையான தகட்டின் நான்கு பக்கமும் வெல்டிங் வைத்தால், வைத்த இடமெல்லாம் ஆறும்போது சுருங்கும். நடுவில் மீதியாகும் தகடு போக இடமில்லாமல் பொங்கும். விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் டப்பென்று வெளியே வரும். அதன்மேல் கிலோ கணக்கில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) போட்டு மறைத்துக் கொடுப்பார்கள். பட்டி பெங்களூர் வெயிலில் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே தகட்டுக்கு வீல் மெஷினில் (இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை உருட்டி வளைக்கும் மெஷின்) வளைவு கொடுத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும், நடுவில் பீடு மெஷினில் நான்கைந்து புடைத்த வரி உருட்டினால் இன்னும் நல்லது. இணைப்பு தட்டையான இடத்தில் விழாமல் விளிம்பின் வளைவை ஒட்டி விழட்டும், வளைந்த இடம் சூட்டைத் தாங்கும். ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அடுத்த புள்ளி எதிர்ப்பக்கம், அதற்கடுத்தது வேறு மூலை. புறங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்துப் புள்ளி. டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் உருக்கிக் கம்பியைக் கையால் ஊட்டுவது) என்றால் இணைப்பு மிருதுவாக இருக்கும், சுத்தியால் தட்டித் தகட்டை மீண்டும் விரித்துக்கொள்ளலாம். மிக் (மெஷினே கம்பியை ஊட்டுவது) என்றால் மொரமொரவென்று கெட்டியாகிவிடும், அரைத்துத்தான் எடுக்க வேண்டும். காஸ் வெல்டிங்கில் பழுத்த கைகளும் இந்த ஊரில் உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய தகட்டுக்கு அந்தச் சூடு அதிகம். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வெல்டிங் செய்வது சுலபம் என்பார்கள். அடியில் தகடுகளுக்கு இடையே உள்ள சந்தில் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும். முனையும் முனையும் சந்திக்கிற மாதிரி வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சந்தை உள்பக்கம் சீலர் போட்டு அடைக்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் கூரை போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். அச்சு எடுக்கிற செலவு ஒரே ஒரு கூரைக்குக் கட்டாது, அவ்வளவுதான். மடங்கித் திறக்கிற துணி சன்ரூஃப் பார்க்க அழகு. ஒழுகாமல் வைத்திருப்பது தனித் தொழில்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. அலுமினியத்தில் ஒரு ஆழமில்லாத தட்டு செய்து, அதன்மேல் ஹூட் துணியை ஒட்டி, தட்டோடு கூரையில் உட்கார வைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அசல் துணிக்கூரைதான். உள்ளே தகடு இருப்பதால் தொய்யாது, கிளை விழுந்தாலும் கிழியாது. பாடியில் ஒரு புள்ளி வெல்டிங் கிடையாது. தகட்டில் சின்ன அலை இருந்தாலும் துணி மறைத்துவிடும், ஆகவே பெயிண்ட் அடிக்கிற கூரைக்குத் தேவையான துல்லியம் இதற்கு வேண்டாம். எடையைப் பாருங்கள். ஒன்றரை சதுர மீட்டர் திறப்புக்கு 0.9 மி.மீ. இரும்பு பத்தரைக் கிலோ வரும், 1.2 மி.மீ. அலுமினியம் ஐந்து கிலோகூட வராது. தலைக்கு மேல் எடை குறைந்தால் வளைவுகளில் வண்டி சாய்வது குறையும்.

அலுமினியம் வாங்கும்போது 5052 என்ற உலோகக்கலவை ரகத்தைக் கேளுங்கள். பாத்திரத்துக்குப் போடும் மெல்லிய ரகம் விரல் பட்டாலே பள்ளம் விழும். அதை ரோலரில் ஒரு பக்கமாக, இடவலமாக மட்டும் வளைத்தால் போதும். முன்பின்னாக உள்ள கொஞ்ச வளைவுக்கு, அடியில் உள்ள மர வில்களே அதை இழுத்துக்கொள்ளும். நான்கு ஓரத்திலும் 20 மி.மீ. அகலத்துக்கு உட்காரும் விளிம்பு விடுங்கள். துணி ஒட்டும் முன்பே, தலை பதிந்த எஸ்.எஸ். ஸ்க்ரூக்களை மேலிருந்து கீழாகச் செலுத்தி அடியில் நட்டு போட்டுப் பூட்டிவிட வேண்டும். பிறகு துணி அவற்றின் தலையை மூடிவிடும். அந்த ஸ்க்ரூக்கள் கூரை விளிம்பின் ஓட்டைகள் வழியே இறங்கும், உள்ளேயிருந்து இன்னொரு நட்டு. கூரையின் மேல்பக்கம் ஒரு ஓட்டைகூடத் தெரியாது, ஒழுகவும் வழியில்லை. ஸ்க்ரூ இடைவெளி 100 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொடக்கூடாது. நடுவில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். விமானத்தில் நாங்கள் இதற்கு ஜிங்க் குரோமேட் பிரைமர் அடிப்போம். அது நச்சுப்பொருள், வீட்டுப் பின்பக்கத்தில் அடிக்க வேண்டாம். எபாக்சி பிரைமரை இரண்டு பக்கமும் அடித்து, நடுவில் ப்யூட்டில் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டினால் போதும். கூரை விளிம்பில் ஓட்டைகளை ஸ்க்ரூவை விட 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் கூரைத் தகட்டின் சூடு 45 டிகிரி மாறினால், ஒன்றரை மீட்டர் அலுமினியம் ஒன்றரை மி.மீ. நீளும், அதே நீள இரும்பு அதில் பாதிதான். அந்த முக்கால் மி.மீ. போக இடம் இல்லாவிட்டால் தட்டு நடுவில் எழும்பும்.

துணியைத் தட்டின் ஓரத்தைச் சுற்றி அடிப்பக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள். வெட்டிய விளிம்பு ப்யூட்டில் டேப்பின் உள்பக்கம், நனையாத இடத்தில் முடிய வேண்டும். வெளிப்பக்கம் நின்றால் அடித்துணி நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். சூடு தாங்கும் பசைதான் வேண்டும், செருப்புக்கும் சீட்டுக்கும் போடுகிற சாதாரண ரப்பர் பசை ஏப்ரல் வெயிலில் இளகிக் குமிழி விடும். ஓரத்தில் இடைவெளி அடைக்கச் சிலிக்கான் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்த அமிலம் இரும்பைத் தின்னும். பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள், அதன்மேல் பெயிண்டும் பிடிக்கும்.

எந்தக் கூரை போட்டாலும் அது உங்களைக் காப்பாற்றும் கூண்டு கிடையாது. பெரிய இன்ஜின் ஏற்றியிருந்தால் சீட் பெல்ட்டைச் சேசிஸோடு சேர்ந்த இடத்தில் கட்டுங்கள், கூரை மரத்தில் வேண்டாம்.

உள்பக்கத் துணி தைக்கும் முன் தண்ணீர்ச் சோதனை. உள்ளே இணைப்பு நெடுக டால்கம் பவுடரைத் தூவி, வெளியே ஹோஸ் பைப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் தாழ்ந்த பக்கம், ஒரு பக்கத்துக்கு பத்து நிமிஷம், பிறகு மெதுவாக மேலே. எடுத்தவுடன் உச்சியில் அடித்தால் நீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பவுடரில் கோடு விழுகிற இடம்தான் ஒழுகுகிற இடம். அது சரியானால், தகட்டின் அடியில் ப்யூட்டில் அதிர்வு ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள். பரப்பில் கால்வாசி மூடினாலே சத்தம் அடங்கும், முழுக்க ஒட்டுவது காசுக்குக் கேடு, எடைக்கும் கேடு. சூட்டுக்கு ஏ.சி. டக்ட்டுக்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் நுரை ரப்பர் ஷீட், 10 மி.மீ. தடிமன். கூரை விளக்குக்கான வயரை அதற்கு முன்பே இழுத்து வைத்துவிடுங்கள். உள்துணியின் ஓரத்தைத் தைக்காமல் கழற்றக்கூடிய பட்டையால் பிடிக்கச் சொல்லுங்கள், நட்டுகளைத் திறக்க ஒரு நாள் அந்த வழியாகத்தான் கை போயாக வேண்டும்.